நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் மேசைப்பந்து: எந்த றப்பரை ஒட்டுவது?

வலிகாமத்தான் எழுதியது:

வணக்கம். பாடசாலைக் காலம் முதல் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வு வரை யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து மேசைப்பந்து ஆடியவன் நான். அதன் பின்னர் வன்னி, கொழும்பு, தொழில், குடும்பம் என்று காலம் போய்விட்டது. இப்போது ஐம்பதைத் தாண்டிய வயதில், எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மேசையொன்று போட்டிருப்பதால், வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் ஆடக் கிடைக்கிறது.

என்னிடம் இருக்கும் மட்டை ஐந்து அடுக்கு மரப்பலகை. பிடியில் ஆட்டம் இல்லை, விளிம்பில் அடுக்கு பிரியவும் இல்லை. ஆனால் இருபக்கமும் ஒட்டியிருந்த, பட்டர்பிளை நிறுவனத்தின் ஸ்ரைவர் றப்பர் முற்றாக இறுகிவிட்டது. பந்து பற்றாமல் வழுக்கிப் போகிறது. ஃபோர்ஹான்டில் ரொப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழல விடும் அடி) அடிப்பதும் பக்ஹான்டில் பெரும்பாலும் பிளொக் செய்வதுமே (வரும் பந்தை வீச்சின்றித் தடுத்துத் திருப்புவது) என் ஆட்டம். ரொறன்ரோவிலிருந்து மருமகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். ஒரு சோடி றப்பர் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். 2022 நெருக்கடிக்குப் பிறகு இங்கு இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியிருக்கும் நிலையில், இந்தத் தெரிவைச் சரியாகச் செய்ய விரும்புகிறேன். பழைய ஸ்ரைவரையே மீண்டும் ஒட்டலாமா, அல்லது இக்காலத்து றப்பருக்கு மாறுவதா? இணையத்தில் பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

வடமராட்சிப் பயிற்றுநர் எழுதியது:

மீண்டும் ஆட வந்ததற்கு முதலில் மகிழ்ச்சி, அண்ணா. றப்பரின் பெயருக்கு வருமுன், நீங்கள் விட்டுச் சென்ற ஆட்டத்துக்கும் இன்று ஆடப்படும் ஆட்டத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்; ஏனெனில் றப்பர்கள் மாறியதற்குக் காரணமே அதுதான்.

நீங்கள் ஆடியது 38 மில்லிமீற்றர் செலுலோயிட் பந்தில். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குப் பின்னர் பந்து 40 மில்லிமீற்றராகப் பெரிதாக்கப்பட்டது. 2001இல் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகக் குறைந்தது. ஐந்து ஐந்தாகப் போட்ட சேர்வ் இரண்டு இரண்டாயிற்று. 2002 முதல் சேர்வை உடலாலோ கையாலோ மறைக்கக் கூடாது. 2008 செப்ரெம்பரிலிருந்து, றப்பரைத் துள்ள வைக்கப் பூசிய, ஆவியாகும் கரைப்பான் கலந்த வேகப் பசை தடைசெய்யப்பட்டது. 2014இல் செலுலோயிட் பந்து போய் பிளாஸ்ரிக் பந்து வந்தது. அதன் விட்டம் 40 மில்லிமீற்றரிலும் சற்றே கூடுதல்.

இவற்றில் உங்களை நேரடியாகத் தாக்கப் போவது பந்துதான். பெரிய பந்தை அதே வேகத்தில் வீசிய மட்டையால் உரசினால், சிறிய பந்து சுற்றிய அளவுக்கு அது சுற்றாது. காற்றில் வேகத்தையும் விரைவாக இழக்கும். ஆகவே உங்கள் கை நினைவில் வைத்திருக்கும் அந்தக் குறுகிய, மணிக்கட்டோடு முடியும் லூப் (சுழற்சி கூடிய ரொப்ஸ்பின் அடி), இன்று வலையைக் கடந்தாலும் மேசையில் விழுந்து எகிறாமல் எதிராளிக்கு வசதியான உயரத்தில் போய் நிற்கும். நல்ல பதிலடி வாங்குவீர்கள். இதற்குப் பலர் காணும் தீர்வு, வேகமான றப்பரை வாங்குவது. என் அனுபவத்தில் அது நோயை மறைக்கும் மருந்து மட்டுமே. வேண்டியது நீளமான வீச்சும், பந்தின் பின்புறத்தை நன்றாகக் கவ்வி முன்னோக்கி எடுத்துச் செல்லும் தொடுகையும். அந்த வீச்சை அச்சமின்றி முழுதாக வீச விடும் றப்பர்தான் உங்களுக்கு ஏற்றது. முழுதாக வீசினால் பந்து மேசைக்கு வெளியே போய்விடும் என்று பயமுறுத்தும் றப்பரை ஒட்டினால், கை தானாகவே சுருங்கிப் பழைய குறுகிய அடிக்குத் திரும்பிவிடும்.

அடுத்து, 11 புள்ளி ஆட்டத்தில் ஒரு புள்ளியின் பெறுமதி ஏறத்தாழ இரு மடங்கு. சேர்வை எடுக்கும்போது நான்கு பந்தை உயரத் தூக்கிக் கொடுத்தால் ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். இன்றைய றப்பர்களில் பெரும்பாலானவற்றில் மேற்பரப்பின் அடியிலுள்ள ஸ்பொஞ்ச், முன்பு வேகப் பசை பூசிக் கிடைத்த துள்ளலைத் தயாரிப்பிலேயே கொண்டு வருகிறது. டென்சர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். மெல்லத் தொட்டாலும் பந்து துள்ளும். கீழ்ச்சுழற்சியோடு மெல்லத் தள்ளும் குறுகிய புஷ் நீளமாகப் போகும், பிளொக் உயரும். பிளொக்கை நம்பி ஆடும் உங்கள் பக்ஹான்டுக்கு இது முக்கியமான விடயம்.

ஸ்ரைவர் 1967இலும் யசாக்கா மார்க் ஃபைவ் 1969இலும் வெளிவந்தவை. இரண்டும் இன்றும் விற்பனையில் உள்ளன. கெட்ட றப்பர்கள் அல்ல. ஆனால் பிளாஸ்ரிக் பந்தில் அவை பழைய சுழற்சியைத் தராது என்பதால், ஃபோர்ஹான்டுக்கு நடுத்தர மென்மையுள்ள டென்சர் வகையில் துள்ளல் குறைந்த, அமைதியான ஒன்று, பக்ஹான்டுக்கு அதனிலும் மெல்லிய ஸ்பொஞ்ச் என்பதே என் பரிந்துரை.

கொக்குவில் இளையவன் எழுதியது:

பயிற்றுநர் ஐயாவின் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மெதுவான றப்பரில் பழகியவர்கள் வேகமான ஆட்டத்துக்கு மாறும்போது மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் கற்க வேண்டியிருக்கிறது. மருமகன் கனடாவிலிருந்து வருகிறார் என்றால், இத்தகைய வாய்ப்பு அடிக்கடி வராது. பட்டர்பிளையின் டெனெர்ஜி 05 அல்லது சீன நிறுவனமான டபுள் ஹாப்பினஸின் ஹரிகேன் 3 வாங்கி வரச் சொல்லுங்கள். சீன வீரர் மா லோங் 2016இலும் ரோக்கியோவிலும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வென்றது ஃபோர்ஹான்டில் ஹரிகேனோடுதான். பிளாஸ்ரிக் பந்துக்குக் கடினமான ஸ்பொஞ்சும் ஒட்டும் மேற்பரப்பும்தான் பொருத்தம் என்பது எங்கள் வயதினர் அனைவரும் கண்ட உண்மை. ஹரிகேன் விலையும் குறைவு.

வடமராட்சிப் பயிற்றுநர் எழுதியது:

தம்பி, பிளாஸ்ரிக் பந்துக்குக் கடினமான ஸ்பொஞ்ச் பொருத்தம் என்பது, அந்த ஸ்பொஞ்சை அடி வரை அமுக்கும் வேகம் உள்ள கைக்குப் பொருத்தம் என்பதே. நாள்தோறும் பயிற்சி செய்யும் இருபது வயது உடம்பு, கால், இடுப்பு, தோள் என்று முழுவதையும் திருப்பி அடிக்கும்போது ஹரிகேன் தரும் சுழற்சிக்கு இணையில்லை. அதே றப்பரில் பாதி வேகத்தில் அடித்தால் பந்து செத்து விழும். மேலும், கடையில் வாங்கும் வணிகப் பதிப்பும் சீனத் தேசிய வீரர்கள் ஆடும் நீல ஸ்பொஞ்ச் பதிப்பும் ஒன்றல்ல. வாரத்தில் இரண்டு மாலை ஆடும் ஒருவருக்கு அந்த உதாரணம் வழிகாட்டாது.

ஸ்பொஞ்சின் கடினத்தைக் குறிக்கும் எண்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் அளவுகோலில் எண்ணைப் போடுகிறார்கள். எக்ஸியோம் நிறுவனத்தின் வேகா யூரோப் றப்பரில் 42.5 பாகை என்று இருக்கும். வேகா புரோவில் 47.5. இவை ஜேர்மன் அளவுகோல். டெனெர்ஜி 05இல் 36 என்பது பட்டர்பிளையின் சொந்த அளவுகோல். ஹரிகேனில் 39 என்றிருப்பது சீன அளவுகோல். எண்ணை மட்டும் பார்ப்பவர், 39 பாகை ஹரிகேன் 42.5 பாகை வேகாவை விட மென்மையானது என்று எண்ணிவிடுவார். கையில் எடுத்து அமுக்கினால் ஹரிகேன்தான் பலகை மாதிரி இருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு றப்பர்களை ஒப்பிட மட்டுமே இந்த எண்கள் உதவும்.

டெனெர்ஜி 05 அற்புதமான றப்பர்தான். 2008இல் வந்த நாளிலிருந்து அதை ஏன் இத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது ஒரு முறை லூப் அடித்தாலே விளங்கும். ஆனால் அது எதிராளியின் சுழற்சிக்கும் அதே அளவு உணர்வுள்ளது. சேர்வின் சுழற்சியைக் கண் பிடிக்கும் முன்னரே மட்டை பதில் சொல்லிவிடும். நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவருக்கு முதலில் குறைந்திருப்பது கை வேகம் அல்ல. சேர்வைப் படிக்கும் கண். அது திரும்பும் வரை, சுழற்சியை ஓரளவு மன்னிக்கும் றப்பர் வேண்டும்.

மானிப்பாய் வாசுகி எழுதியது:

நான் பாடசாலை அணியில் ஆடி, பிள்ளைகள் வளர்ந்த பின் மீண்டும் தொடங்கியவள். இங்கே யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை. வெட்டி ஒட்டிய நிலையில், ஸ்பொஞ்ச் தடிப்பு 2.0 மில்லிமீற்றர் உள்ள றப்பர் ஒரு பக்கத்துக்கு 45 கிராம் அளவில் இருக்கும். கடினமான சீன றப்பர் 50 கிராமையும் கடந்துவிடும். பலகை 85 கிராம் என்றால், மென்மையான சோடிக்கும் கடினமான சோடிக்கும் இடையில் முழு மட்டையில் பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம் வரும். கேட்கச் சிறிது. ஆனால் அந்த எடை பிடியில் அல்ல, மட்டையின் தலைப் பக்கத்தில் ஏறுகிறது. ஒரு மணித்தியாலம் ஆடிய பின் தோளின் முன்பக்கமும் முழங்கையின் வெளிப்பக்கமும் வலிப்பதற்கு இது போதும். என்னுடைய தோள் வலி, 1.8 மில்லிமீற்றர் மென்மையான றப்பருக்கு மாறிய பின்னரே அடங்கியது.

ஐம்பதைத் தாண்டிய அண்ணா ஒருவர் கடினமான, தடித்த றப்பரோடு தொடங்குவது உடம்புக்கு ஏற்றதல்ல என்று உறுதியாகச் சொல்வேன். தோள் பழுதானால் எந்த றப்பரும் உதவாது.

கொக்குவில் இளையவன் எழுதியது:

எடையைப் பற்றி அக்கா சொல்வதை ஏற்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஃபோர்ஹான்டில் 1.8 என்பது மிக மெலிது என்பதே என் கருத்து. முழு வீச்சில் பந்து ஸ்பொஞ்சைத் தாண்டி மரத்தைத் தொடும் உணர்வு வரும். அப்போது சுழற்சி குறையும். ஃபோர்ஹான்டுக்கு 2.0 வேண்டும்.

வடமராட்சிப் பயிற்றுநர் எழுதியது:

ஃபோர்ஹான்டுக்கு 2.0 என்பதில் தம்பியோடு நானும் உடன்படுகிறேன். 1.8ஐ பக்ஹான்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுன்னாகம் பழைய ஆட்டக்காரர் எழுதியது:

வலிகாமத்தான் அவர்களே, பழைய வழக்கத்தில் ஒன்றை நீங்கள் மீண்டும் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில், பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், எங்களுக்குக் கிடைத்தது சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசன்தான். அதைப் பூசித்தான் றப்பர் ஒட்டினோம். ஐரோப்பாவில் வேகப் பசை என்ற வழக்கமே 1970களில் சைக்கிள் பசையிலிருந்துதான் தொடங்கியது. சொலூசனில் உள்ள கரைப்பான் ஸ்பொஞ்சை உப்ப வைத்து, றப்பரை இழுத்துப் பிடித்து, பந்தைத் துள்ள வைத்தது. இன்றைய டென்சர் றப்பர் ஏற்கெனவே இழுவிசையோடு வருகிறது. அதன் மேல் சொலூசனைப் பூசினால் ஸ்பொஞ்ச் வளைந்து, மேற்பரப்புப் பிரிந்து, விலை கொடுத்து வாங்கிய றப்பர் வீணாகும். போட்டியில் ஆடினால் அது விதிமீறலும் கூட. மூடிய அறையில் அந்த வாசனையைச் சுவாசிப்பது உடலுக்கும் கேடு. வேகப் பசையைத் தடைசெய்ததற்கு அதுவே முதற்காரணம்.

நீரில் கரையும் வெள்ளைப் பசையை வாங்குங்கள். பழைய றப்பரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காமல், ஒரு மூலையிலிருந்து சரிவாக, மரத்தின் நாரோடு ஒட்டி மெதுவாக உரியுங்கள். இல்லையேல் மேல் அடுக்கின் நார் பெயர்ந்து வரும். பலகையில் எஞ்சியிருக்கும் பழைய சொலூசனைப் பெருவிரலால் உருட்டினால் சுருண்டு வந்துவிடும். புதிய பசையைப் பலகையிலும் ஸ்பொஞ்சிலும் மெல்லிதாகப் பூசி, வெண்மை முற்றாக மறைந்து கண்ணாடி நிறம் வரும் வரை காத்திருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் இது விரைவில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் நெடுநேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் நடுவில் குமிழி நிற்கும். பிடியின் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு போத்தலை உருட்டி மேலே அமுக்கிக்கொண்டு போங்கள். வெட்டுவதற்குப் புது அலகு வேண்டும்.

நமது ஊர்க் காலநிலை றப்பர்த் தெரிவையும் பாதிக்கிறது. சனசமூக நிலைய மண்டபங்கள் பெரும்பாலும் யன்னல் திறந்தவை. கோடையில் புழுதி உள்ளே வரும். ஹரிகேன் போன்ற ஒட்டும் றப்பர் அந்தப் புழுதி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். மாரியில் எந்த றப்பராயினும் மேற்பரப்பில் ஈரம் படிந்து பந்து வழுக்கும். உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை அருகில் வைத்து, சேர்வ் மாறும்போது துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும் நீர் தொட்ட மெல்லிய ஸ்பொஞ்சால் துடைத்து, காய்ந்த பின் பாதுகாப்புத் தாளை ஒட்டி உறையில் வையுங்கள். மோட்டார்சைக்கிள் ஆசனத்தின் கீழ்ப்பெட்டியில் மட்டையை வைக்கவே வேண்டாம். அந்த வெப்பத்தில் றப்பர் சில மாதங்களில் முதுமை அடைந்துவிடும்.

வலிகாமத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொலூசன் பற்றிய எச்சரிக்கை மிகவும் தேவையாக இருந்தது. வீட்டில் ஒரு ரியூப் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. ஒன்று, பக்ஹான்டில் பெரும்பாலும் பிளொக் செய்பவன் என்பதால், நீண்ட முள் றப்பரை (மேற்பரப்பில் நீண்ட முட்கள் நிற்கும் றப்பர்) ஒட்டினால் சேர்வ் எடுப்பது எளிதாகும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? இரண்டாவது, பயிற்றுநர் தம்பி குறித்த பெயர்களைத் தெளிவாகச் சொன்னால், மருமகனுக்கு அனுப்பிவிடுவேன்.

வடமராட்சிப் பயிற்றுநர் எழுதியது:

நீண்ட முள்ளை இப்போது வேண்டாம் என்பேன். அது எதிராளியின் சுழற்சியைத் திருப்பிக் கொடுக்கும் கருவி. எதிராளி என்ன சுழற்சி தந்தார் என்பதைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் பயன்படும். உராய்வே இல்லாத முள் றப்பர்கள் 2008இல் தடைசெய்யப்பட்ட பின்னர், கண்ணை மூடிக்கொண்டு தட்டி வெல்லும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. அதை விட முக்கியமாக, சேர்வைப் படிக்கும் கண் உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்றால், படிக்க வேண்டிய கட்டாயம் இருக்க வேண்டும். சாதாரண றப்பரில் அந்தப் பயிற்சி ஒவ்வொரு பந்திலும் நடக்கும்.

பெயர்களைப் பொறுத்தவரை, ஃபோர்ஹான்டுக்கு வேகா யூரோப் 2.0 அல்லது பட்டர்பிளை ரொசெனா 1.9. ரொசெனா 2017இல் வந்தது; டெனெர்ஜியை விட விலை குறைவு, சேர்வ் எடுக்கும்போது அமைதியாகவும் இருக்கும். பந்தைப் பற்றும் உணர்வு கூடுதலாக வேண்டுமென்றால் வேகா, பந்து சற்று வேகமாகப் புறப்பட வேண்டுமென்றால் ரொசெனா. நீங்கள் முன்பு ஸ்ரைவரில் ஆடியவர் என்பதால், பக்ஹான்டில் பழகிய உணர்வையே வைத்திருப்பது நன்று: மார்க் ஃபைவ் 1.8. பிளொக் செய்வதற்கும் புஷ்ஷை வலையருகில் குறுக்கி வைப்பதற்கும் அதன் அமைதி உதவும். இவ்வாறு ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக வைத்தால், கைக்குக் குழப்பம் வருமா என்று கேட்பீர்கள். வராது. ஃபோர்ஹான்டுக்கும் பக்ஹான்டுக்கும் வேறு வேறு றப்பர் வைப்பது நெடுங்கால வழக்கமே.

பலகையை மாற்ற வேண்டாம். கார்பன் பலகையும் புது றப்பரும் ஒரே நேரத்தில் வந்தால், எது உங்களை எங்கே கொண்டு போகிறது என்று தெரியாது.

ஒஸ்லோ ஈழத்தவன் எழுதியது:

வாங்கும் விடயத்தில் சில குறிப்புகள். வெளிநாட்டில் மேசைப்பந்துக்கென்றே உள்ள கடைகளில் வாங்கச் சொல்லுங்கள். பெரிய இணையச் சந்தைகளில் பெயர் பெற்ற றப்பர்களுக்குப் போலிகள் உண்டு. றப்பரின் பிடிப் பக்கத்து விளிம்பில் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் முத்திரையும் அங்கீகார இலக்கமும் இருக்கும். அச்சு மங்கலாக இருந்தால் வாங்க வேண்டாம். கடையில் வெட்டி ஒட்டித் தருகிறோம் என்பார்கள். உங்கள் பலகை இங்கே இருப்பதால் வெட்டாமலே வாங்கி வரச் சொல்லுங்கள். தட்டையான அட்டைப் பெட்டியில், மடியாமல், பயணப் பெட்டியின் நடுவே வைக்க வேண்டும். பசையையும் கூடவே வாங்கிவிடலாம். நீரில் கரையும் பசை என்பதால் பொதியில் சிக்கல் இராது. இன்னொன்று: 40+ என்று அச்சிட்ட நல்ல பிளாஸ்ரிக் பந்து ஒரு பெட்டி சேர்த்து வாங்கி வரச் செய்யுங்கள். மலிவுப் பந்து சரியான உருண்டையாக இல்லாமல் போனால், எந்த றப்பரையும் மதிப்பிட முடியாது.

நிறம் மறக்க வேண்டாம். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்பது 1986 முதல் உள்ள விதி; 2021 ஒக்ரோபரிலிருந்து சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்கி வந்து விழித்தவர்களை நான் அறிவேன்.

மானிப்பாய் வாசுகி எழுதியது:

பயிற்றுநர் சொன்ன சோடி எடையிலும் நல்லது. ஒட்டிய பின், முதல் சில வாரங்கள் ஆட்டம் வைக்காமல், பந்தை மேசையில் வைத்திருக்கும் பயிற்சி மட்டும் செய்யுங்கள், அண்ணா. புதிய றப்பர் முதலில் எல்லாவற்றையும் நீளமாக அனுப்பும். அதைப் பார்த்து உடனே றப்பர் பிழை என்று முடிவுகட்டக் கூடாது.

வலிகாமத்தான் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். ஃபோர்ஹான்டுக்குக் கறுப்பு வேகா யூரோப் 2.0, பக்ஹான்டுக்குச் சிவப்பு மார்க் ஃபைவ் 1.8, நீரில் கரையும் பசை ஒன்று, 40+ பந்து ஒரு பெட்டி. மருமகனுக்கு இன்றே எழுதுகிறேன். கொக்குவில் தம்பி கோபிக்கக் கூடாது. ஹரிகேனை உங்கள் மட்டையில் ஒரு மாலை அடித்துப் பார்க்க வருகிறேன்.

கொக்குவில் இளையவன் எழுதியது:

கோபம் எதற்கு, அண்ணா? வாருங்கள். வேகாவை ஒட்டிய பின் உங்கள் மட்டையையும் கொண்டு வாருங்கள். நானும் அதில் பிளொக் செய்து பார்க்க வேண்டும்.

வடமராட்சிப் பயிற்றுநர் எழுதியது:

நல்ல தெரிவு. வாரத்தில் இரண்டு மூன்று மாலை என்றால், வேகா ஏறத்தாழ ஒரு வருடம் தாங்கும். மார்க் ஃபைவ் அதிலும் கூடுதலாக. மேற்பரப்பின் நடுப்பகுதி மங்கி, அங்கு மட்டும் பந்து வழுக்கத் தொடங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதுவரை வேறு றப்பரைப் பற்றி யோசிக்க வேண்டாம்.